சூப் பாய்ஸும் நூடுல்ஸ் கம்பெனியும்

வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் ஓடும் மினிபஸ்ஸில் காலையில் சாமிப் பாட்டு, மதியம் எண்பதுகளின் இளையராஜா. இருட்டிவிட்டால் டிரைவரின் கை தானாகக் காதல் தோல்விக்குப் போய்விடும். 'தீபாவளி' படத்தில் யுவன் சங்கர் ராஜா பாடிய 'போகாதே' 2007-ல் வந்த பாட்டு. இன்றைக்கும் அது ஓடத் தொடங்கினால் கடைசி சீட்டில் அரட்டை நின்றுவிடும்.

பென் டிரைவுக்கு முன்னால் இதே வேலையைக் கேசட் செய்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு பையன்கள் மியூசிக்கல்ஸ் கடைக்குப் போவார்கள். அறுபது நிமிட கேசட், ஏ சைடு, பி சைடு. இரண்டு நாள் கழித்துப் போனால் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் 'சோகம்' என்று எழுதிக் கொடுப்பார் கடைக்காரர். நாடா தீர்ந்துபோய்க் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவிலேயே அறுந்துவிடும். கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சோகத்துக்கு எமோ என்று பெயர். 1985-ல் வாஷிங்டனின் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு, ஊரையும் சர்க்காரையும் திட்டிக்கொண்டிருந்த பங்க் இசையைத் தன் நெஞ்சைப் பார்த்துக் கத்தும்படி திருப்பியது. அந்தப் பிள்ளைகளின் தட்டை வெளியிட்டது டிஸ்கார்ட் என்ற சின்ன லேபிள். 1980-ல் இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் தங்கள் பள்ளிக்கூடக் காலத்து இசைக்குழுவின் தட்டைப் போடுவதற்காக ஆரம்பித்தது அது. முதல் தட்டின் உறையைக் கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டியது அவர்களும் கூட்டாளிகளும்தான். எமோ என்ற சொல்லைக் கேட்டாலே மெக்கேக்கு எரிச்சல் வரும் என்பது தனிக்கதை.

அதே 1980-ல் இங்கே 'ஒருதலை ராகம்' வந்தது. சொல்லாத காதலை நெஞ்சில் சுமந்து திரியும் கல்லூரிப் பையன், தாடி, தனிமை. பாட்டெழுதி மெட்டும் போட்டவர் டி.ராஜேந்தர். பின்னாளில் கதை, வசனம், இசை, இயக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்தவர். எல்லாவற்றையும் நீயே செய் என்பதுதான் பங்க் இசையின் வேதம் என்றால், தமிழின் முதல் பங்க் அவர்தான். சிரிப்பதற்காகச் சொன்னதல்ல!

மதுரைக்கென்றே ஒரு சோகமும் உண்டு. பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004). பைக் மெக்கானிக் பையன், பள்ளிக்கூடத்துப் பெண், கடைசியில் பைத்தியமாகத் தெருவில் நிற்கும் அவன். ஜோஷ்வா ஸ்ரீதருக்கு அது முதல் படம், எழுதியவர் நா.முத்துக்குமார். பாடிய ஹரிசரணுக்கு அப்போது பதினேழு வயது. ஏழு வருஷம் கழித்து, 2011 நவம்பர் 16-ல் சோனி மியூசிக் யூடியூபில் ஏற்றிய 'கொலவெறி' இந்தச் சாதிக்கு 'சூப் சாங்' என்ற பெயரையே நிலைக்க வைத்தது. தனுஷ் எழுதிப் பாட, அனிருத் இசையமைத்த அந்தப் பாட்டில் அழுகையோடு கிண்டலும் இருந்தது. எமோவின் பங்காளியான பாப்-பங்க்கின் சூத்திரமும் அதுதான்: துக்கத்தை வேகமாக வாசி, கூட்டமே சேர்ந்து பாடுகிற மாதிரி பல்லவி போடு.

சூப் சாங்குக்கும் எமோவுக்கும் பொதுவான அழுக்கும் ஒன்று உண்டு. அழுகிறவன் எப்போதும் ஆண், குற்றவாளி எப்போதும் பெண். எமோ பாட்டுகளில் பெண்கள் எங்கே என்று இசை விமர்சகர் ஜெசிக்கா ஹாப்பர் 2003-லேயே எழுதிவிட்டார். பாரமோர் குழுவின் பாடகி ஹேலி வில்லியம்ஸ், இன்னொரு பெண்ணைத் தூற்றும் ஒரு வரிக்காகத் தன் பெரிய ஹிட்டான 'மிசரி பிசினஸ்' பாட்டை 2018-ல் மேடையிலிருந்து இறக்கினார். 2022-ல்தான் மறுபடி எடுத்தார். 'மயக்கம் என்ன' படத்தில் அவளை அடி, உதை என்று உசுப்பேற்றும் பாட்டு நம் கல்யாண வீடுகளிலேயே ஓடுகிறது. யாரும் இறக்கவில்லை.

அழுகையில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் லேபிளில். ஃபுளோரிடாவில் 1996-ல் ஒரு கல்லூரி மாணவரும் ஒரு டிரம்மரும் தொடங்கிய கம்பெனிக்கு 'ஃபியூவல்ட் பை ராமென்' என்று பெயர். ராமென் என்பது அங்கே காசில்லாத மாணவர்கள் வெந்நீரில் போட்டுத் தின்னும் நூடுல்ஸ். மதுரையாக இருந்தால் 'சால்னா ரெக்கார்ட்ஸ்' என்று வைத்திருப்பார்கள். ஃபால் அவுட் பாய் முதற்கொண்டு பாரமோர் வரை அங்கிருந்து வந்தவர்கள். பிறகு வார்னர் குழுமத்துக்குள் போய்விட்டது. ஹேலி வில்லியம்ஸ் பதின்வயதில் அதே குழுமத்தின் அட்லாண்டிக் கம்பெனிக்குப் போட்ட கையெழுத்திலிருந்து வெளியே வர இருபது வருஷம் பிடித்தது.

நம் பையனுக்குச் சால்னா கம்பெனிகூட அமையவில்லை. அவன் சோகம் பிறக்கும்போதே சினிமாக்காரருடையது. படத்துக்காகக் கூலி கொடுத்துப் போட்ட மெட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், தியேட்டருக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை எழுதி வாங்க முடியாது என்றானது.

அப்படியானால் சினிமாவை விட்டு வெளியே வந்தால் போதுமா? 2021 மார்ச்சில் மாஜா என்ற சுயாதீன மேடையில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' யூடியூபில் நாற்பது கோடிப் பார்வைகளைத் தாண்டியது. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் வந்தார். தனக்கும், பாடிய தீ, அறிவு இருவருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்றார்.

இது எழுதியவர், மெட்டுப் போட்டவர் கணக்கு. பதினேழு வயதில் மதுரைக் காதலுக்குக் குரல் கொடுத்த ஹரிசரணைப் போன்றவர்களின் கணக்கு வேறு. பாடகருக்கும் ராயல்டி உண்டு என்று அதே 2012 திருத்தம்தான் எழுதியது. மினிபஸ் டிரைவரின் பென் டிரைவிலிருந்து அது பாடகருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)