ஆசானின் பெயரில் சீடனின் மெட்டு

கோவையில் திருச்சி சாலை வழியே சிங்காநல்லூரைக் கடக்கும் இளைஞர்களிடம், இங்கேதான் தமிழ்த் திரையுலகின் பெரும் படப்பிடிப்புத் தளங்களுள் ஒன்று இருந்தது என்று சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். சென்ட்ரல் ஸ்டூடியோ என்ற பெயரே அவர்களுக்குப் புதிது. அங்கே வாத்தியக் குழுவின் முன்னின்று இசையை நடத்திய எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் பெயர் அதைவிடவும் புதிது. ஆனால், அவரிடம் எடுபிடியாகத் தொடங்கிய ஒரு சிறுவனின் பெயரை அறியாதவர் தமிழகத்தில் இல்லை. அச்சிறுவன் எம்.எஸ். விஸ்வநாதன்.

இசைக்கும் பஞ்சாலைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. அதன்பின் ஆலைகள் பெருகின. ஆலைகளில் சேர்ந்த இலாபம் புதிய முதலீடுகளைத் தேடியது. அந்தத் தேடலின் ஒரு கிளைதான் திரைப்படம். 1930-களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது, 1940-களில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ உருவானது. நடிகர், பாடலாசிரியர், வாத்தியக் கலைஞர் எனப் பலரும் மாதச் சம்பளத்துக்கு ஒரே வளாகத்தில் பணியாற்றிய காலம் அது. ஓர் ஆலையின் ஒழுங்கு அப்படியே கலைக்கூடத்துக்குள் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சுப்பையா நாயுடு கொங்கு மண்ணில் பிறந்தவரல்லர். 1914-இல் கடையநல்லூரில் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, அங்கிருந்து திரையிசைக்கு வந்தவர். ஜூபிடர் நிறுவனம் கோவையில் எடுத்த படங்களே அவரை நிலைநிறுத்தின. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) படத்துக்கு இசை அவரே. டி.எம். சௌந்தரராஜன் பின்னணிப் பாடகராக அறிமுகமான 'கிருஷ்ண விஜயம்' (1950) படத்திலும் அவர் பங்கு உண்டு. 1954-இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படைப்பு. நாமக்கல் கவிஞரின் நாவல், மு. கருணாநிதியின் வசனம், சுப்பையா நாயுடுவின் இசை. அப்படத்தில்தான் எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ். முதன்முதலில் குரல் கொடுத்தார். கால் நூற்றாண்டுக்கு நீடித்த அந்த இணையைச் சேர்த்துவைத்த இசையமைப்பாளர் இவர்தான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அன்றைய ஒலிப்பதிவு முறையை அறிந்தால்தான் அவர் பணியின் கடினம் விளங்கும். இன்றுபோல் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பிறகு இணைக்கும் வசதி அன்று கிடையாது. பாடகரும் வயலின்காரர்களும் தபலாக்காரரும் ஒரே நேரத்தில் இசைக்க வேண்டும். பாட்டின் இறுதியில் ஒருவர் தவறினாலும் தொடக்கத்திலிருந்து மீண்டும் பதிய வேண்டும். எனவே, மெட்டமைப்பது பாதி வேலைதான். அத்தனை பேரையும் ஒரே கையசைவில் கட்டி நிறுத்துவது மீதிப் பாதி.

அந்தச் சூழலுக்குள் வந்து சேர்ந்தவர்தான் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்ற விஸ்வநாதன். நடிகராகும் ஆசையோடு வந்தவருக்குக் கிடைத்தது ஏவல் வேலை. இசைக்கூடத்திலிருந்த ஆர்மோனியத்தை ஆளில்லா நேரத்தில் தொட்டு, ஒரு பாடலுக்குத் தாமே மெட்டமைத்தார். அது சுப்பையா நாயுடுவின் காதில் விழுந்தது. மெட்டு பிடித்துப்போனது, ஆயினும் சிறுவன் அமைத்தது என்று தெரிந்தால் மேலிடம் ஏற்காது என அவர் கருதினார். 'அபிமன்யு' (1948) படத்தில் அந்த மெட்டு ஆசானின் பெயரிலேயே வெளிவந்தது.

இதைச் சுரண்டல் என்று சொல்லிவிடலாம். முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால், கதை அங்கே முடியவில்லை. ஜூபிடர் நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தபோது, பணியாளர் பலர் விடுவிக்கப்பட்டனர். அப்போது சுப்பையா நாயுடு உரிமையாளர் சோமசுந்தரத்திடம், நீங்கள் பாராட்டிய மெட்டுகள் இவன் அமைத்தவை, இவனைச் சென்னைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று உண்மையைச் சொன்னார். தம் புகழின் ஒரு பகுதி தமதன்று என்று முதலாளியிடமே ஒப்புக்கொள்வது, சம்பளத்தை நம்பி வாழும் கலைஞனுக்கு எளிய செயலன்று.

ஒருவருக்கு எங்கும் பயன்படும் திறனைக் கற்றுக்கொடுக்கும் செலவை எந்த முதலாளியும் விரும்பி ஏற்பதில்லை, கற்றவர் வேறிடம் போய்விடுவார் என்பதால், என்று கேரி பெக்கர் 1964-இல் விளக்கினார். கோவையில் அந்தச் செலவை ஏற்றது நிறுவனமன்று, ஒரு தனிமனிதர்.

விஸ்வநாதன் சென்னையில் சி.ஆர். சுப்பராமனிடம் பணியாற்றி, 1952-இல் அவர் மறைந்தபின் டி.கே. ராமமூர்த்தியுடன் இணைந்து பெயர்பெற்றார். சுப்பையா நாயுடுவோ பட்சிராஜாவுக்குத் தொடர்ந்து இசையமைத்தார்; 'மலைக்கள்ளன்' தெலுங்கில் 'அக்கி ராமுடு' ஆனபோதும் அவரே இசை. 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்துக்கு இணையாக எஸ். ஜானகியின் குரலை ஆபேரியில் ஓடவிட்டது அவருடைய உச்சம் என்பேன். கோவையின் கூடங்களோ மெல்ல ஓய்ந்தன. நடிகர்களும் விநியோகஸ்தர்களும் கடன் கொடுப்போரும் சென்னையில் குவிந்தபின், தளம் மட்டும் இங்கிருந்து என்ன பயன்?

1979-இல் சுப்பையா நாயுடு மறைந்தார். அவருடைய இறுதிக் காலத்தில் அவரைத் தம்முடன் வைத்துப் பேணியவர் விஸ்வநாதன். 'அபிமன்யு'வின் எழுத்துப் பட்டியலில் இன்றும் விஸ்வநாதனின் பெயர் இல்லை. அந்த மெட்டின் கதை வெளியே தெரிந்ததே அவர் பேட்டிகளில் சொன்னதால்தான். சொன்னபோதெல்லாம் ஆசானின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே சொன்னார், ஒருமுறையும் குறையாகச் சொன்னதில்லை.