'எனக்கு மட்டும் ஏன் தினமும் மாத்திரை?'

பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்று உள்ள குழந்தைகள் நம் வகுப்பறைகளிலும் படிக்கிறார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதனால், ஒரு காலத்தில் பள்ளி வயதைத் தாண்டுவார்களா என்று அஞ்சப்பட்ட குழந்தைகள் இன்று பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறார்கள். அவர்கள் வளர வளர வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: "எனக்கு மட்டும் ஏன் தினமும் மாத்திரை?"

இதற்கு யார், எப்போது, எப்படிப் பதில் சொல்வது? இதில் ஆசிரியரின் பங்கு என்ன?

ஏன் சொல்ல வேண்டும்?

பல வீடுகளில் "உனக்கு ரத்தத்தில் சத்து குறைவு" என்றோ "நெஞ்சுச் சளி" என்றோ சொல்லி வைக்கிறார்கள். குழந்தை வெளியே சொல்லிவிடுமோ என்ற பயம் ஒருபுறம். 'என்னால்தானே உனக்கு வந்தது' என்ற பெற்றோரின் குற்ற உணர்வு மறுபுறம். ஆனால் இந்தப் பொய் நெடுநாள் தாங்காது. சத்து மாத்திரை என்று நம்பும் பிள்ளை, உடம்பு நன்றாக இருக்கும்போது அதை நிறுத்திவிடும். அப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும். அதைவிட மோசமானது, உண்மையை மருத்துவச் சீட்டிலோ அக்கம்பக்கத்தார் வாயாலோ அந்தப் பிள்ளை தெரிந்துகொள்வது.

6 முதல் 12 வயதுக்குள் குழந்தைக்கு அதன் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வழிகாட்டியது. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு, அவர்களின் புரிதலுக்கேற்பச் சிறிது சிறிதாகச் சொல்லிவர வேண்டும்.

படிப்படியாக

ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்லி முடிக்கும் செய்தி அல்ல இது. சிறு வயதில், "உன் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது" என்பது போதும். அடுத்த நிலையில், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களைப் பற்றியும், ஒரு வேளை மருந்தைக்கூட ஏன் விடக்கூடாது என்பதைப் பற்றியும் சொல்லலாம். பிள்ளை இதைப் புரிந்துகொண்ட பிறகு நோயின் பெயரைச் சொல்லும்போது, அது ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் பெயராக இருக்கும். பெயரைச் சொன்ன பிறகும் பேச்சு நின்றுவிடக் கூடாது. அழுகை, கோபம், மௌனம், புதிய கேள்விகள் என எல்லாம் மாதக்கணக்கில் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி என்னைத் தேடி வந்தார். (அவர் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) "டீச்சரம்மா, எதுக்கு மாத்திரைன்னு பேரன் நச்சரிக்கிறான். நீங்க சொன்னா கேப்பான். நீங்களே சொல்லிடுங்க" என்றார். "பாட்டி, இதை அவன் உங்க வாயால கேக்கணும். பக்கத்துல கவுன்சிலர் இருக்கட்டும். அடுத்து மருந்து வாங்கப் போறப்ப, அவன் கேட்டதை அப்படியே அங்க சொல்லுங்க" என்றேன். ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் பாட்டியையும் பேரனையும் பல முறை சந்தித்தார். பிறகு பாட்டியே சொன்னார். பேரன் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவும் இதனாலதான் செத்தாங்களா?" பாட்டி மறைக்கவில்லை. "ஆமாம்யா. அப்ப உங்கம்மாவுக்கு மருந்து நேரத்துக்குக் கிடைக்கல. உனக்குக் கிடைச்சிருக்கு" என்றாராம்.

வகுப்பில் நாம் சொல்லும் சொல்

அந்த மாணவன் பின்னர் என்னிடம் அறிவியல் படிக்க வந்தான். பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பற்றிய பகுதி உண்டு. 'உயிர்க்கொல்லி நோய்', 'தகாத உறவால் வருவது' என்று நாம் பழக்கத்தில் சொல்லும் சொற்கள், தன் நிலையை அறிந்த ஒரு பிள்ளையின் காதில் எப்படி விழும்? முதல் சொல் அவன் எதிர்காலத்தைப் பறிக்கிறது. இரண்டாவது அவன் பெற்றோரைக் குற்றவாளியாக்குகிறது. வீட்டில் பாட்டியும் ஆலோசகரும் மாதக்கணக்கில் கட்டியதை நாம் ஒரு பாடவேளையில் இடித்துவிட முடியும்.

எனவே பரவும் வழிகளைக் கற்பிக்கும்போது இவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்று வரலாம். அதில் யாருடைய குற்றமும் இல்லை. சேர்ந்து உண்பதாலோ விளையாடுவதாலோ பரவாது. தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலமும் பரவாது. சிகிச்சை இல்லையென்றால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு; முறையான சிகிச்சையால் அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரலாம். திருமணமும் குழந்தைப்பேறும் தனக்கும் உண்டு என்று ஒரு பிள்ளை அந்த வரியில் கேட்டுக்கொள்ளும்.

நம் எல்லையும் கடமையும்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதும், தனியே உட்காரவைப்பதும், பரிசோதனைச் சான்று கேட்பதும் இச்சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. நம்மை நம்பிச் சொன்ன செய்தியை, உரிய ஒப்புதலை எழுத்தில் பதியாமல் வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. சக ஆசிரியரும் இதில் அடக்கம். வருகைப் பதிவேட்டிலோ வேறு எந்தப் பதிவிலோ குறிப்பு வேண்டாம். மருந்து வாங்கும் நாளில் விடுப்பு எடுத்தால், வகுப்பின் நடுவே காரணம் கேட்க வேண்டாம். எந்தக் குழந்தைக்கு அடிபட்டு ரத்தம் வந்தாலும் கையுறை அணிந்தே முதலுதவி செய்வோம். எல்லோருக்கும் ஒரே முறை என்றால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

நாமாகவே ஊகித்து எந்தக் குழந்தையையும் விசாரிக்கக் கூடாது. பெற்றோர் நம்மிடம் வந்தால் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கோ அனுப்பலாம். 1097 என்ற இலவச உதவி எண்ணைத் தரலாம். குழந்தையே வந்து சொன்னால், "என்னை நம்பிச் சொன்னதுக்கு நன்றிடா. இது என்னோட இருக்கும்" என்று சொல்லி, அது பேசுவதைக் கேளுங்கள். மறுநாள் வீட்டுப்பாடம் எழுதி வராவிட்டால், மற்றவர்களைக் கேட்பது போலவே அதையும் கேளுங்கள்.