தேசிய சேவையில் பயன்படும் அகச்சிவப்பு லேசர்: எப்படி இயங்குகிறது?

தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் வீடு திரும்பும் மகன், “நேற்றுப் பயிற்சியில் நான் செத்துட்டேன்மா” என்று சொன்னால் பதற வேண்டியதில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் லேசர் பயிற்சியைப் பற்றித்தான்.

சிங்கப்பூர் ஆயுதப் படையின் போர்ப் பயிற்சிகளில் வெற்றுத் தோட்டாக்களோடு லேசர் கருவிகளும் பயன்படுத்தப்படுகின்றன. வெற்றுத் தோட்டா வெடித்ததும், துப்பாக்கியில் பொருத்திய சிறு கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். எதிரணி வீரர் அணிந்துள்ள உணர்கருவிகளில் அந்த ஒளி பட்டால் ஒலி எழும். அவர் ‘சுடப்பட்டவர்’ ஆகிவிடுவார்.

அந்த ஒளித் துடிப்புகளில் எந்த ஆயுதம் சுட்டது என்ற குறியீடும் இருக்கும். அதனால், சாதாரணத் துப்பாக்கியால் கவச வாகனத்தை ‘வீழ்த்த’ முடியாது.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. உண்மையான தோட்டா இலைதழைகளைத் துளைத்துச் செல்லும். லேசர் ஒளியோ ஓர் இலை மறைத்தாலும் நின்றுவிடும்.

அரிசி மணியைவிடச் சிறியது

மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீள ஒளியே தெரியும். இத்தகைய பயிற்சிக் கருவிகளில் வழக்கமாகப் பயன்படும் ஒளி ஏறத்தாழ 900 நானோமீட்டர்.

அதை உண்டாக்குவது காலியம் ஆர்சனைடு போன்ற பகுதி மின்கடத்தியால் ஆன சில்லு. மின்சாரம் பாயும்போது சில்லுக்குள் எலக்ட்ரான்கள் தாழ்ந்த ஆற்றல்நிலைக்கு இறங்கி ஒளியை வெளியிடுகின்றன. சில்லின் இரு முனைகளும் கண்ணாடிபோல் செயல்பட்டு, அந்த ஒளியை வலுவான கற்றையாக்குகின்றன.

1962ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் ஹால் குழுவினர் முதன்முதலாக இதைச் செய்துகாட்டினர். அப்போது கடுங்குளிரில்தான் அது இயங்கியது. சாதாரண வெப்பநிலையில் தொடர்ந்து இயங்கும் சில்லு 1970ல் வந்தது. இன்று அது அரிசி மணியைவிடச் சிறியது. சிறு மின்கலமே போதும்.

குறிவைக்கவும் தூரம் அளக்கவும்

சிங்கப்பூரிலேயே வடிவமைக்கப்பட்டு 1999ல் அறிமுகமான எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் குறிவைக்கும் லேசர் உள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது. குறிவைக்கும் லேசர் அகச்சிவப்பு வகையாக இருந்தால், இரவுநேரக் கண்ணாடி அணிந்தவருக்கு மட்டுமே புள்ளி தெரியும். எதிரியிடமும் அக்கண்ணாடி இருந்தால் அவருக்கும் தெரிந்துவிடும்.

தூரம் அளக்கவும் லேசர் உதவுகிறது. சிராங்கூன் சாலையில் ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கட்டடத்தின்மீது பட்டு ஒளி திரும்பிவர, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஏழு பங்குகூட ஆகாது. அந்த நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது.

2003ல் சார்ஸ் பரவியபோது, ராணுவ வெப்பப் படக்கருவியைத் தழுவி இங்கு உருவாக்கப்பட்ட காய்ச்சல் கண்டறியும் கருவி வேறு வகை. அதில் லேசர் கிடையாது. உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அது வாங்கிக்கொள்ளும், அவ்வளவே.

கண் கவனம்

கண் கூசும் ஒளி பட்டால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும். அகச்சிவப்பு ஒளிக்குக் கண் கூசாது, இமை மூடாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. பாதிப்பு தெரியவரும்போது பார்வை குறைந்திருக்கலாம். அதனால்தான் பயிற்சிக் கருவிகளின் ஆற்றல் குறைவாக வைக்கப்படுகிறது.

கவனம் தேவைப்படுவது வீட்டில்தான். மலிவான சில பச்சை லேசர் சுட்டிகளிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் கசியக்கூடும். 3பி, 4 வகை லேசர்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கட்டுப்படுத்துகிறது. அவற்றுக்கு உரிமம் தேவை.

பிள்ளைகளுக்கு இணையத்தில் லேசர் சுட்டி வாங்குமுன் அதன் வகை எண்ணைப் பாருங்கள். எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வீட்டு இணையத்திற்கான கண்ணாடியிழைக் கம்பியிலும் அகச்சிவப்பு லேசர்தான் ஓடுகிறது. அதைக் கழற்றி, முனையை உற்றுப் பார்க்க வேண்டாம்.