அறுபத்து நான்கு கட்டங்களில் ஓர் ஓயாத வழக்கு

நெடுங்காலம் ஆடிப் பழகிய ஒரு விளையாட்டை மாற்றலாமா, மாற்றலாகாதா என்னும் விவாதம் இந்நாளில் இளைஞர் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கின்றது. அவர்கள் பேசுவது பெரும்பாலும் வீடியோ விளையாட்டுக்களைப் பற்றியே. யப்பானில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய 'ஃபைனல் ஃபான்ரஸி' என்னும் ஆட்டவரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் ஆட்டத்தில் வீரரும் பகைவரும் முறைவைத்து மோதினர். ஆடுபவன் ஆறுதலாக எண்ணிப் பார்த்துக் கட்டளையிடலாம். 2023இல் வெளிவந்த பதினாறாவது ஆட்டத்திலோ எண்ணுவதற்கு அவகாசமில்லை. விரல்தான் விரைய வேண்டும். "இது எங்கள் ஆட்டமே அன்று" என்றனர் பழைய அன்பர். "முப்பது ஆண்டுக்கு மேலாக ஒன்றையே ஆடிக்கொண்டிருப்பதா?" என்றனர் மற்றையோர். வழக்கு இன்னும் தீரவில்லை.

பெரியோர் சிலர் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. திரையில் ஓடும் பொம்மைகளுக்காக இத்துணை வாதமா என்பது அவர்கள் எண்ணம். நகைப்பதற்கு நியாயமில்லை. இதே வழக்கு, நம் முன்னோர் நிலத்தில் பிறந்த சதுரங்கத்தைப் பற்றி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகின்றது. அதில் இந்நாளில் சாட்சி சொல்வோருள் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உளர்.

விதியை மாற்றுவது எல்லா விளையாட்டிலும் ஒரே மாதிரியான காரியமன்று. நம் தீவுகளில் ஆடிய கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் கூடினால் ஒரு தட்டைக் கூட்டிக் கீறுவர். குறைந்தால் ஒன்றை அழிப்பர். ஊருக்கு ஊர் விதி சற்றே வேறுபடும். வழக்கு மணலிலேயே எழுந்து, பொழுதுபடுமுன் மணலிலேயே முடிந்துவிடும். வீடியோ விளையாட்டில் நிலைமை இதற்கு நேர்மாறு: விதி கம்பனியாரின் சொத்து, அன்பர் எவ்வளவு கூச்சலிட்டாலும் முடிவு அவர்களுடையதே. சதுரங்கமோ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. அதற்கு உடையவர் எவருமிலர். ஆயினும் மணலில் கோடழிப்பதுபோல் அதை அழித்துக் கீறவும் முடியாது. உலகம் முழுவதும் ஒரே விதியில் ஆடுகின்றது.

பித்துப் பிடித்த அரசி

நம் கையிலுள்ள சதுரங்கம் ஆதிச் சதுரங்கமன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் ஆடப்பெற்றுப் பாரசீகம் சென்ற ஆட்டத்தில் அரசி இல்லை. அரசனருகே ஆலோசகர் ஒருவர் நின்றார். அவர் மூலைவாக்கில் ஒரே ஒரு கட்டந்தான் நகர்வார். இன்று நாம் அமைச்சர் என்னும் காயின் இடத்தில் யானை நின்று, மூலைவாக்கில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவியது. ஆட்டம் ஆறுதலாக நகர்ந்தது. படைகள் ஒன்றையொன்று கிட்டுவதற்கே நெடுநேரம் செல்லும்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலே அந்த ஆலோசகர் அரசியாக எழுந்து, எத்திசையும் எத்தனை கட்டமும் பாயத் தொடங்கினார். அமைச்சரும் பலகையின் கோடிவரை ஓடினார். இத்தாலியர் இப்புதிய ஆட்டத்துக்குப் 'பித்துப் பிடித்த சதுரங்கம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். பிரெஞ்சுக்காரரோ பித்தை அரசியின்மேலேயே ஏற்றிப் பேசினர். அப்பெயர் புகழ்ச்சியாக இட்டதன்று என்பது வெளிப்படை. ஆயினும் சில தலைமுறைக்குள் பழைய ஆட்டம் அங்கே வழக்கொழிந்தது. இன்று "சதுரங்கத்தின் தூய்மையைக் கெடுக்காதீர்" என்போர் காப்பது அந்தப் பித்துப் பிடித்த ஆட்டத்தைத்தான்!

இந்தியாவில் பழைய விதிகள் சில 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தன. காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டும் வழக்கமில்லை. அதற்குப் பதிலாக அரசன் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். இவ்விதிகளில் வளர்ந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். அவர் மேனாட்டு விதிகளைக் கற்றுச் சில ஆண்டுகளுக்குள் 1929இல் பிரித்தானியச் சம்பியனானார். 1932இலும் 1933இலும் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். இடையில் ஹேஸ்ரிங்ஸ் நகரிலே முன்னாள் உலகச் சம்பியன் கபபிளங்காவையும் தோற்கடித்தார். தொடக்க நகர்வுகளைப் பற்றிய நூலறிவு அவரிடம் மிகக் குறைவு; நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அவரை அசைத்தல் அரிது. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். வழக்கின் கரு இதுவே.

தமிழ்நாட்டில் சர்வதேச விதிகளை வேரூன்றச் செய்தவர்களுள் முதல்வர் மனுவல் ஆரோன். 1961இல் சர்வதேச மாஸ்ரர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1972இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பிற்காலத்தில் ஆடிப் பழகிய சிறுவரே விசுவநாதன் ஆனந்த். தாயிடம் சதுரங்கம் கற்ற அவர், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்ரரானார். பின்னர் உலகச் சம்பியனுமானார். ஆக, நம் தலைமுறையின் சதுரங்கப் பெருமை முழுவதும் ஒரு மாற்றத்தின் விளைவே. பழைய நாட்டு விதியை விடாப்பிடியாகப் பற்றியிருந்தால் ஆனந்த் இல்லை.

மனனமா, சிந்தனையா?

அப்படியானால் இன்னும் ஒரு மாற்றம் ஏன் வேண்டும்? நோய் மனனத்தில் இருக்கின்றது.

எல்லா ஆட்டமும் ஒரே நிலையில் தொடங்குவதால், முதற் பத்துப் பதினைந்து நகர்வுகளை ஆண்டாண்டாக ஆராய்ந்து எழுதி வைத்துவிட்டனர். கம்பியூட்டர் வந்தபின் அவ்வாராய்ச்சி எல்லையின்றிப் பெருகியது. கைதேர்ந்த இருவர் மோதும்போது நெடுநேரம் ஏட்டுக்கு ஏடு ஒப்புவிக்கின்றனர். சிந்தனை பிறகே தொடங்குகின்றது. சில ஆட்டங்களில் அது தொடங்குமுன்பே சமநிலையாகக் கைகுலுக்கி எழுந்துவிடுகின்றனர்.

இவ்வச்சம் கம்பியூட்டருக்கு முந்தியது. 1927இல் புவனஸ் அயர்ஸ் நகரில் கபபிளங்கா, அலெகைனிடம் பட்டத்தை இழந்த போட்டியில் ஆடிய 34 ஆட்டங்களுள் 25 சமநிலையில் முடிந்தன. பலகையை அகலப்படுத்தி இரண்டு புதிய காய்களைச் சேர்க்க வேண்டும் என்று கபபிளங்காவே கூறினார், எவரும் செவிசாய்க்கவில்லை. 2018இல் இலண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 12 நெடு ஆட்டங்களும், ஒன்று தவறாமல், சமநிலை. விரைவு ஆட்டங்களை வைத்துத்தான் வென்றவர் யாரென்று அறிய முடிந்தது.

1972இல் உலகப் பட்டம் வென்ற பொபி பிஷர், அதே புவனஸ் அயர்ஸ் நகரில் 1996 யூன் 19ஆம் நாள் ஒரு பரிகாரத்தை வெளியிட்டார். காலாட்கள் நின்ற இடத்தில் நிற்கட்டும். பின்வரிசைக் காய்களைச் சீட்டுக் குலுக்கி அடுக்குங்கள் என்றார். இரண்டே கட்டுப்பாடு: அமைச்சர் இருவரும் வெவ்வேறு நிறக் கட்டத்தில் நிற்றல் வேண்டும், அரசன் இரு கோட்டைக்கும் இடையில் நிற்றல் வேண்டும். இவ்வாறு எத்தனை தொடக்கங்கள் அமையும்? கணிதம் பயிலும் மாணவர் எளிதில் கண்டுகொள்வர். வெள்ளைக் கட்டம் நான்கில் ஓர் அமைச்சர், கறுப்புக் கட்டம் நான்கில் மற்றவர், பதினாறு வகை. எஞ்சிய ஆறு கட்டங்களில் ஒன்று அரசிக்கு. ஐந்தில் இரண்டு குதிரைகளுக்கு. அது பத்து வகை. மீந்த மூன்றில் கோட்டை, அரசன், கோட்டை என ஒரே முறைதான். பதினாறு, ஆறு, பத்து: பெருக்கினால் 960. நம் பழைய தொடக்கமும் அவற்றுள் ஒன்று.

மறுப்போர் வாதம் இலேசானதன்று. பழைய தொடக்கம் ஒரு பொதுமொழி என்பர் அவர்கள். 1851இல் இலண்டனில் அண்டர்சன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தை இன்று ஊர்காவற்றுறையிலிருக்கும் ஒரு சிறுமி பலகையில் அடுக்கி, ஒவ்வொரு நகர்வின் நோக்கத்தையும் உணரலாம். அதற்குக் காரணம் அடித்தளம் மாறாமையே. தொடக்கங்களுக்குப் பெயரும் வரலாறும் உண்டு. 'இந்தியத் தற்காப்பு' என்னும் பெயர்கூட, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் கொக்கிறேன் என்னும் ஸ்கொத்லாந்தியருடன் மகேசசந்திர பானர்ஜி ஆடிய ஆட்டங்களை நினைவூட்டுவது. சீட்டுக் குலுக்கிய நிலையில் அத்தகைய நினைவு எங்கே தங்கும்? 960இல் ஒன்று ஒரு தடவை வந்து போனால் மீண்டும் எப்போது வருமோ! இவ்வாதத்தின் முன் யான் பல தடவை தடுமாறியதுண்டு.

வேறொரு பரிகாரமும் வந்தது. முன்னாள் உலகச் சம்பியன் கிரம்னிக், கோட்டை கட்டும் விதியை மட்டும் நீக்கிவிடலாம் என்றார். அவ்விதியால் அரசன் விரைவில் பாதுகாப்புப் பெற, ஆட்டம் உறங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. இதை முதன்முதலில் போட்டியாக நடத்திப் பார்த்த நகரம் சென்னை, 2020 சனவரியில். அங்கே நூற்றுக்கு 89 ஆட்டங்கள் வெற்றி தோல்வியில் முடிந்தன. 2021இல் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் ஆனந்தும் கிரம்னிக்கும் இவ்விதியில் நான்கு ஆட்டங்கள் ஆடினர். ஆனந்த் முதலாட்டத்தை வென்று, 2½–1½ என்னும் கணக்கில் போட்டியைக் கைப்பற்றினார். ஏனைய மூன்றும் சமநிலை! விதி மாறினாலும் தேர்ந்தவர் இருவர் எதிர்ப்பட்டால் உறக்கம் வரத்தான் செய்யும் போலும்.

பிஷரின் முறையிலும் வியப்புக்கள் நிகழ்ந்துள்ளன. 2019இல் அம்முறையில் நடந்த முதலாவது அதிகாரபூர்வ உலகப் போட்டியில், வெஸ்லி சோ என்பவரிடம் கார்ல்சன் 13½–2½ எனத் தோற்றார். 2024 டிசெம்பரில், 18 வயதில், உலகச் சம்பியனான குகேஷ், இரண்டு மாதங்களின் பின் ஜெர்மனியில் நடந்த இத்தகைய போட்டியிலே ஓர் ஆட்டமும் வெல்லாது எட்டாமிடம் பெற்றார். அதே ஆண்டு யூலையில் லாஸ் வேகாஸில் பிரக்ஞானந்தா இம்முறையில் கார்ல்சனையே வென்றார். இரு பிள்ளைகளும் சென்னையில் வளர்ந்தவர்கள். ஒருவரின் தோல்வியை வைத்து மாற்றத்தைப் பழிப்பதும், மற்றவரின் வெற்றியை வைத்து மெச்சுவதும் சிறுபிள்ளைத்தனம்.

தீவுப் பிள்ளைக்கு என்ன?

உலகப் பட்டம் யார்க்காயினும் ஆகுக. எனக்குள்ள கேள்வி நம் தீவுப் பிள்ளைகளைப் பற்றியது. நெடுந்தீவிலிருந்து ஒரு போட்டிக்கு வருகின்ற மாணவன் விடியுமுன் எழுந்து, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் வரவேண்டும். கடல் குமுறினால் அதுவுமில்லை. அவன் எதிரே அமர்பவனுக்குப் பயிற்றுநர் உண்டு, கம்பியூட்டர் உண்டு, ஏடு ஏடாகத் தொடக்கங்கள் உண்டு. அப்படி வந்து தோற்ற ஒரு மாணவன் என்னிடம் கூறியது இது: "சேர், முதல் பன்னிரண்டு நகர்வுக்கும் அவர் யோசிக்கவேயில்லை. நான் முதலாவதிலிருந்தே யோசிச்சனான்."

அவன் முறையிடவில்லை, கண்டதைச் சொன்னான். நேரம் அவனுக்குத்தான் போதாமற் போயிற்று. யோசித்தவன் நேரமின்றித் தோற்க, ஒப்புவித்தவன் வெல்வதைக் கல்வி என்று நான் சொல்ல மாட்டேன். நம் பரீட்சைகளிலும் இதுவே நடக்கின்றது என்று எவரேனும் கூறினால், அதற்கு வேறொரு கட்டுரை வேண்டும்.

சீட்டுக் குலுக்கும் முறை எல்லோரையும் சமமாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவன் நடு ஆட்டத்திலும் வல்லவனே. கார்ல்சன் 2024இல் ஜெர்மனியில் இம்முறையில் நடந்த பெரும் போட்டியை வென்றதையும் மறத்தலாகாது. ஆயினும் முதல் நகர்விலேயே இருவரும் யோசிக்க வேண்டிவரும். சுல்தான் கானுக்கு வாய்த்திருந்த ஆற்றல் நம் பிள்ளைகளுள் எவருக்கேனும் இருந்தால், அது வெளிப்படுவதற்கு முன்பே பன்னிரண்டாவது நகர்வில் புதையுண்டு போகாது.

ஆதலின் பழைய ஆட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. பாடசாலைப் போட்டிகளில் ஒரு சுற்றையாவது இம்முறையில் வைக்கலாம் என்பதே என் கருத்து. இதற்குப் புதுக் காய் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒன்று முதல் ஆறு வரை எழுதிய ஆறு துண்டுக் கடதாசி போதும். முதல் நான்கு துண்டுகளைக் குலுக்கி, வந்த எண்ணின்படி இடமிருந்து எண்ணி வெள்ளைக் கட்டத்தில் ஓர் அமைச்சரை வையுங்கள். மீண்டும் குலுக்கிக் கறுப்புக் கட்டத்தில் மற்றவரை வையுங்கள். வெறுங்கட்டம் ஆறில் ஆறு துண்டையும் குலுக்கி அரசி; ஐந்தில் ஒரு குதிரை; நான்கில் மறு குதிரை. எஞ்சிய மூன்றின் நடுவில் அரசன், இருபுறமும் கோட்டை. எதிர்ப்படையை இதற்கு நேரெதிராக அப்படியே அடுக்குக. கோட்டை கட்டும்போது மட்டும், அரசன் எங்கிருந்து புறப்பட்டாலும், அரசனும் கோட்டையும் பழைய ஆட்டத்தில் போய் நிற்கும் கட்டங்களிலேயே நிற்பர்.