மூக்குக்கு எட்டாத நஞ்சு

அடுக்களைக் காவல் – 7

மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரிக்கு எடுக்கும்போது அம்மா முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். "வாடை ஒண்ணும் வரல, நல்லாத்தான் இருக்கு" என்பார். பிள்ளைகளுக்குச் சுடச்சுட தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சோற்றில் மோரை ஊற்றித் தான் சாப்பிட்டுவிடுவார். உங்கள் வீட்டிலும் இது நடக்கிற காட்சிதான்.

சென்ற வாரம் ரவையிலும் பருப்பிலும் வண்டு பிடிக்காமல் காப்பது எப்படி என்று பார்த்தோம். வண்டு கண்ணுக்குத் தெரிகிற எதிரி. இந்த வாரம் நாம் பார்க்கப் போகிற எதிரிகள் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது.

உணவைக் கெடுக்கிற கிருமிகள் வேறு, உடம்பைக் கெடுக்கிற கிருமிகள் வேறு. பால் திரிவது, சாம்பார் நுரைப்பது, சோறு நூல் விடுவது எல்லாம் முதல் வகையின் வேலை. வாடையைக் கிளப்பி அவையே நம்மை எச்சரித்துவிடும். இரண்டாவது வகை சத்தமே காட்டாது. சோறு மணமாக இருக்கும், ருசியும் மாறியிருக்காது, ஆனால் வயிறு மட்டும் புரண்டுவிடும்.

சோற்றையே எடுத்துக்கொள்வோம். வயல் மண்ணில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்றொரு பாக்டீரியா உண்டு. நெல்லோடு ஒட்டிக்கொண்டு அது நம் வீட்டு அரிசிப் பானை வரைக்கும் வந்துவிடுகிறது. எத்தனை தண்ணீரில் களைந்தாலும் முழுசாகப் போகாது. உலையில் கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும், ஆனால் கெட்டியான ஓட்டுக்குள் உறங்குகிற அதன் வித்துகள் 100 டிகிரி கொதிநீரையும் தாங்கி நிற்கும். சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வரும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருகத் தொடங்கும். பெருகும்போது 'சீரியுலைடு' என்ற நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. மறுபடி அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும்.

1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்ட பலருக்கு இப்படித்தான் வாந்தி வந்தது. காரணம் தேடியபோது, மொத்தமாக வேக வைத்த சோற்றை ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்திருந்து, மறுநாள் சட்டியில் போட்டுப் புரட்டிக் கொடுத்தது தெரிய வந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கட்டிக்கொள்ளும் என்றுதான் வெளியில் வைத்தார்கள். சட்டியின் அனல் அந்த நஞ்சை ஒன்றும் செய்யவில்லை.

நாளைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு வடித்துப் பானையிலேயே மூடி வைத்த சோற்றை மூன்று மணிக்குத் திறங்கள். மேல் சோற்றைத் தொட்டால் ஆறிப்போய், பருக்கை லேசாக வறண்டிருக்கும். கரண்டியை நடுவில் இறக்கி அடிச் சோற்றைப் புரட்டுங்கள். ஆவி வராது, ஆனால் உள்ளங்கைக்கு இதமான சூடு தெரியும். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். அந்த இதமான சூடும் ஈரமும்தான் வித்து முளைப்பதற்கு ஏற்ற நாற்றங்கால். ஹாட்பேக்கில் வைத்தாலும் இதே கதைதான். சுடச்சுடப் போட்டு ஓரிரு மணி நேரத்தில் பரிமாறிவிட்டால் நல்லது. காலையில் போட்டு மூடி ராத்திரி திறந்தால், இடைப்பட்ட நேரமெல்லாம் சோறு அந்த இளஞ்சூட்டில்தான் கிடந்திருக்கும்.

கணக்கு எளிதானது. 5 டிகிரி முதல் 60 டிகிரி வரை கிருமிகளின் ராஜ்யம். சமைத்த உணவு ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே போய்விட வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் எந்தக் கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, மிஞ்சும் என்று தெரிந்த சோற்றைப் பானையிலேயே விடாதீர்கள். அகலமான தாம்பாளத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஆறியதும் சிறு டப்பாக்களில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்குள் எடுத்து, உள்வரைக்கும் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். சூடாக்குவது ஒரு தடவைதான். அதிலும் மிஞ்சினால் மறுபடி உள்ளே வைக்க வேண்டாம்.

"அப்படியானால் பழைய சோறு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமிலம் சுரக்கிற நல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு அங்கே இடம் குறையும். இட்லி மாவு புளித்துத் தாங்குவதும் இதே வழியில்தான். ஆனால் பழைய சோற்றுக்கு ஒரு முறை உண்டு. சோறு ஆறியவுடனே சுத்தமான நீரை ஊற்ற வேண்டும், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். நாள் முழுக்க வெறுமனே மூடிக் கிடந்த சோற்றில் ராத்திரி படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றினால், அதற்குள் சுரந்துவிட்ட நஞ்சைப் புளிப்பு அழித்துவிடாது.

இரண்டாவது எதிரி நிலக்கடலையில் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. அதில் வளர்ந்த ஒரு பூஞ்சைதான் காரணம். அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வந்தது. கல்லீரலைப் பாழாக்கும், நாள்பட்டால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். 1974இல் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பன்ஸ்வாரா மாவட்டங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 106 பேர் இறந்தார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாத ஏழைகள் அவர்கள். அந்த வீட்டு நாய்களுக்கும் அதே நோய் கண்டது.

இந்த நஞ்சும் வறுத்தால் முழுசாகப் போகாது. சட்னிக்கு அரைத்துவிட்டால் மிளகாயும் புளியும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் அரைப்பதற்கு முன்பே கடலையைத் தட்டில் கொட்டி, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கசக்கிற கடலையைத் துப்பிவிடுங்கள். மிளகாய் வற்றல், கொப்பரை, மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் ஈரம்தான் பகை. வெயிலில் நன்றாகக் காய வைத்து, சூடு ஆறிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்து மறுபடி ஈரம் கட்டிவிடும்.

மூன்றாவது, யாரும் சந்தேகப்படாத பொருள். தேன். வருஷக்கணக்கில் கெடாது, மணமும் குறையாது. ஆனால் தேனில் 'குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். நம் வயிற்றில் அவை முளைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்துவிடும். குழந்தையின் தசைகள் தளர்ந்து, பால் குடிக்கவும் மூச்சுவிடவும் திணறும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட ஆகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைச் சேனையாகத் தொட்டு வைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் அதை விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்பெட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது கிருமியைக் கொல்வதில்லை, சோம்பலாக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கதவுப் பக்கம்தான் குளிர் குறைவு, பாலை அங்கே வைக்காமல் உள் தட்டில் வையுங்கள். பச்சை மீனும் கறியும் எப்போதும் அடித்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்தால் நீர் சொட்டிச் சமைத்த உணவில் விழும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் பால், குழம்பு, கறி எதையும் நம்ப வேண்டாம்.

முகர்ந்து பார்க்கிற பழக்கத்தை விட வேண்டியதில்லை. வாடை வந்தால் உடனே கொட்டிவிடுங்கள். வரவில்லையென்றால் அடுத்ததாகக் கடிகாரத்தைப் பாருங்கள். வடித்து எத்தனை மணி நேரமாயிற்று, அதுவரை எங்கே இருந்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகே தட்டில் போடுங்கள்.

மிஞ்சியதைக் கொட்ட மனசு வராமல் கடைசியில் வழித்துச் சாப்பிடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அரிசி வீணாகிறதே என்ற அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. அதற்கு வழி உலை வைக்கும்போதே இருக்கிறது. இன்றைக்கு வீட்டில் எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அரை ஆழாக்கு குறைத்துப் போடுங்கள், அம்மா.

(தொடரும்)