தோசை அடுக்கும் கர்னாக் வாசலும்

முதல் தோசை தட்டின் அடியில் கிடக்கிறது. அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது. கடைசித் தோசை ஆவி பறக்க உச்சியில். இந்த அடுக்கை ஒவ்வொன்றாக எடுத்து ஹாட்பாக்ஸில் போட்டுப் பாருங்கள். சுடச்சுட இருந்த தோசை அடிக்குப் போய்விடும், ஆறிப்போனது மேலே வந்துவிடும். எகிப்தின் கர்னாக் கோயிலில், ஒன்பதாவது வாசலின் வயிற்றுக்குள் சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இதுதான்.

வாசல் என்றால் நிலைக்கதவு அல்ல. சரிவான இரண்டு பெரும் சுவர்களும் நடுவே வழியும் கொண்ட 'பைலான்'. கர்னாக்கில் இப்படிப் பத்து உண்டு. முதலாவது மட்டுமே 113 மீட்டர் அகலம், 15 மீட்டர் தடிமன். இவ்வளவு கனத்தையும் இழைத்த கல்லாலேயே கட்ட எந்த அரசனுக்குக் கட்டுப்படியாகும்? ஆகவே கொழுக்கட்டை வேலை: வெளியே வழவழப்பான மணற்கல் மாவு, உள்ளே பூரணம். பூரணத்துக்குப் பெரும்பாலும் பழைய அரசர்களின் கோயில்களையே உடைத்துப் போட்டார்கள். நேற்றைய இட்லி, இன்றைய உப்புமா.

மூன்றாம் அமென்ஹோதெப் கட்டிய மூன்றாவது வாசலின் உள்ளே, அவனுக்கு ஏறத்தாழ 600 ஆண்டு மூத்த முதலாம் செனுஸ்ரெத்தின் சுண்ணாம்புக்கல் மண்டபம் துண்டுதுண்டாகக் கிடந்தது. ஆன்ரி ஷெவ்ரியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பொறுக்கியெடுத்து 1938-இல் மறுபடி நிறுத்தினார். வெயிலும் கையும் படாத செதுக்கல், இன்றும் கூர்மையாக இருக்கிறது.

ஒன்பதாவது வாசலைக் கட்டியவன் ஹோரெம்ஹெப். அவன் உடைத்தது தனக்கு முன் ஆண்ட அகெனாதென் என்ற அரசனின் சூரியக் கோயில்களை. அகெனாதெனுக்கு அவசரம். ஒரு முழ நீளம், அதாவது சுமார் 52 சென்டிமீட்டர், ஓர் ஆள் தூக்கக்கூடிய சிறு கற்களால் கட்டினான். சீக்கிரம் எழுந்தது, சீக்கிரமே பிரிந்தும் வந்தது. சுவரை மேலிருந்துதானே பிரிக்க முடியும்? உச்சிவரிசைக் கல் முதலில் வந்து புது வாசலின் அடியில் விழுந்தது. 1967-இல் அமைந்த பிரெஞ்சு–எகிப்திய ஆய்வு மையத்தார் இதைப் பிரித்தபோது, கல்லுக்குக் கல் எண் போட்டு, அடுக்கைத் தலைகீழாக வாசித்தார்கள். அப்படிச் சேர்ந்த 283 கற்கள் இப்போது லக்சர் அருங்காட்சியகத்தில் ஒரே சுவராக நிற்கின்றன: சூரியனை வணங்கும் அரசன், கோயிலின் சேமிப்பு அறைகள், வேலையாட்கள்.

எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மற்ற இடங்களில் வரிசை குலைந்த கற்கள் பல்லாயிரம். தோசை அடுக்கு அல்ல, உதிர்த்துவிட்ட உப்புமாவேதான். அவற்றைப் படமெடுத்து, 1966-லேயே கணினியில் ஏற்றி ஜோடி தேட ஆரம்பித்தார் ரே வின்ஃபீல்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர்.

சரி, வெளியே இருக்கும் எழுத்து? பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவைத் திருப்பிப் பாருங்கள். பெயர் வெட்டியிருக்கும். சில அண்டாக்களில் பழைய பெயரைத் தட்டி அழித்து, மேலே வேறு பெயர். அரசன் பெயரைச் சுற்றிய நீள்வட்டத்துக்குள் நடந்ததும் அதுவே. கர்னாக்கில் துட்டன்காமுன் நிறுத்திய கல்வெட்டு ஒன்றில் இன்று இருப்பது ஹோரெம்ஹெப்பின் பெயர். சில சுவர்களில் பழைய எழுத்தைச் சாந்தால் அடைத்துப் புதிதாகச் செதுக்கினார்கள். சாந்து உதிர உதிரப் பழைய பெயர் எட்டிப் பார்க்கிறது. உச்சிவெயிலில் இதெல்லாம் தெரியாது. முறத்தைச் சாய்த்துப் பிடித்து அரிசியில் கல் பார்ப்பதுபோல, வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். அதற்காகக் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்புவதும் உண்டு.

இப்படித் தெரிவதைப் பதிவு செய்ய, கர்னாக் இருக்கும் லக்சரில் 1924 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஒரு வழிமுறை வைத்திருக்கிறார்கள். சுவரைப் படமெடுத்து, அந்தப் படத்தின் மேலேயே சுவர் முன் நின்று பென்சிலால் வரைவார்கள். பிறகு மை, பிறகு படத்தை வெளுத்துவிட்டால் கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டை இரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக, மறுபடி சுவரோடு ஒப்பிடுவார்கள். கல்யாணச் சமையலில் சாம்பாருக்கு உப்பு பார்க்க ஒரே நாக்கை நம்புவதில்லை அல்லவா!

எனக்குப் பிடித்தது முதல் வாசல்தான். அது முடிக்கப்படவே இல்லை. கல்லை மேலேற்றப் போட்ட மண்செங்கல் சாய்தளம், கழுவாமல் விட்ட அடிப்பிடித்த பாத்திரம்போல, சுவரின் பின்புறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு உயரத்துக்குக் கல் எப்படிப் போனது என்று கேட்பவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அந்த அழுக்கைத்தான்.