உங்களுக்குத் தெரியுமா? கடையிடம் உங்கள் கார்டு எண் இல்லை!

பாகாயத்தில் இருந்தபடியே ஆம்பூர் ஷூ ஒன்றை ஆன்லைனில் வாங்குகிறீர்கள். ‘அடுத்த முறைக்காகக் கார்டைச் சேமிக்கவா?’ என்று கேட்கிறது தளம். சரி என்று தட்டினால் அங்கே சேமிக்கப்படுவது உங்கள் கார்டு எண் அல்ல, அதற்கு ஈடாக உருவாகும் ‘டோக்கன்’ என்ற வேறொரு எண்.

2022 அக்டோபர் 1 முதல், கார்டு தந்த வங்கியையும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அமைப்புகளையும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. (2021 டிசம்பர் 31 என்றிருந்த கெடு இரண்டு முறை நீண்டது. கடைக்காரர்கள் லேசில் விடுவார்களா?) கடைக்காரர்கள் கையில் மிஞ்சியது கடைசி 4 இலக்கமும் வங்கியின் பெயரும்தான்.

இந்த டோக்கன் ஒரு கார்டுக்கும் ஒரு கடைக்கும் மட்டுமே பொருந்தும். ஷூக் கடையில் திருடியதை மருந்துக் கடைத் தளத்தில் போட்டால் காசு பெயராது. ஒரே கார்டைப் பத்துத் தளங்களில் சேமித்தால் பத்து டோக்கன்கள். உருவாக்க உங்கள் சம்மதமும் ஓடிபியும் வேண்டும், கட்டணம் கிடையாது. ஆனால் அந்த ஓடிபியைப் போனில் கேட்பவனிடம் நீங்களே சொல்லிவிட்டால் டோக்கன் காப்பாற்றாது.

எந்தெந்தக் கடைகளில் உங்கள் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை வங்கி உங்களுக்குக் காட்டியாக வேண்டும். வேண்டாததை அங்கேயே நீக்கிவிடலாம்.